அமெரிக்க நீதிபதி எல்லாரும் அதிபர் ஆளா?

‘அமெரிக்காவில் எல்லா நீதிபதியையும் அதிபர்தான் நியமிக்கிறார், சாகும்வரை அசைக்க முடியாது’ என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. பாதி உண்மை. உச்ச நீதிமன்றம் உள்ளிட்ட முக்கிய கூட்டாட்சி (மத்திய அரசின்) நீதிமன்றங்களுக்குத்தான் அது ஓரளவு பொருந்தும்; அங்கேயும் செனட் சபையின் ஒப்புதல் வேண்டும், நாடாளுமன்றம் நினைத்தால் பதவிநீக்கமும் செய்யலாம். திருட்டு, விவாகரத்து, வாடகைத் தகராறு என்று சாதாரண மக்கள் ஏறி இறங்கும் மாநில நீதிமன்றங்களில் அதிபருக்கு வேலையே இல்லை.

கலிபோர்னியாவை எடுத்துக்கொள்வோம். அங்கே 58 கவுண்டிகள், நம்மூர் மாவட்டம் மாதிரி. ஒவ்வொன்றிலும் வழக்குகளை விசாரிக்கும் ஒரு சுப்பீரியர் கோர்ட். அதன் நீதிபதிகளை அந்தக் கவுண்டி வாக்காளர்களே 6 ஆண்டுக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் இருக்காது. போட்டியிட, வழக்கறிஞராகவோ நீதிபதியாகவோ 10 ஆண்டு அனுபவம் வேண்டும்.

சரி, அப்படியானால் எல்லாரும் ஓட்டு வாங்கி வந்தவர்களா? அதுவும் இல்லை. பதவிக்காலத்தின் நடுவில் இடம் காலியானால் ஆளுநர் நியமிப்பார். நம்மூர் ஆளுநர் மாதிரி இல்லை, இவரே மக்கள் ஓட்டில் வந்தவர். பலர் இந்த வழியாகத்தான் நுழைகிறார்கள். பிறகு தேர்தல் வரும்போது யாரும் எதிர்த்து நிற்காவிட்டால், பெரும்பாலும் பதவியில் இருக்கும் நீதிபதியின் பெயர் வாக்குச்சீட்டில்கூட வராது. தேர்தல் என்ற பெயருக்கு இது கொஞ்சம் வேடிக்கைதான்.

‘அசைக்க முடியாது’ என்பதற்குப் பதில் அதே கலிபோர்னியாவின் சான்டா கிளாரா கவுண்டியில் இருக்கிறது. பாலியல் வன்முறை வழக்கில் ஸ்டான்போர்டு மாணவர் ஒருவருக்கு 2016-இல் வெறும் 6 மாதச் சிறை விதித்தார் நீதிபதி ஆரன் பெர்ஸ்கி. கையெழுத்து திரட்டினார்கள், 2018 ஜூனில் வாக்கெடுப்பு நடத்தி மக்களே அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள்.