லட்சம் டாலர் கேரவன், அஞ்சு டாலர் மனசு

ஸ்கூல் லீவுக்கு ஆஸ்திரேலியாவுல பிரிஸ்பேன்ல இருந்து கிளம்பி, குயின்ஸ்லாந்து உள்நாட்டு ஊருங்களான சார்லவில், பிளாக்கால், பார்கால்டின், லாங்ரீச், வின்டன்னு கேரவன் இழுத்துட்டு ஒரு சுத்து போயிட்டு வந்தோம். ஊருங்க மேல ஒரு குறையும் கிடையாது, ரோட்டு மேலயும் கிடையாது, ஈ மொய்ச்சதக் கூட மன்னிச்சிட்டேன். கூடவே கேரவன் இழுத்துட்டு வர்ற கூட்டம் இருக்கு பாருங்க, அதுல பாதி பேர நெனச்சா இன்னும் பத்திக்கிட்டு வருது!

மொதல்ல டம்ப் பாயிண்ட் கதை. டாய்லெட் கேசட்டை, அதான் கேரவன் டாய்லெட்டுக்கு அடியில கழட்டி எடுக்குற கழிவுப் பெட்டிய, காலி பண்ற இடத்துல அதைக் கழுவ ஒரு குழாய் இருக்கும், குடிதண்ணி குழாய் கொஞ்சம் தள்ளி தனியா இருக்கும், கண்ணு தெரியாதவனுக்கும் தெரியுற சைஸ்ல போர்டு வச்சிருப்பாங்க. ஒரு பெரியவர், புது லேண்ட் குரூஸர், பின்னாடி லட்சம் டாலருக்குக் கொறையாத கேரவன், வந்து இறங்கி நேரா அந்தக் குடிதண்ணி குழாயோட மூக்கையே கேசட் வாய்க்குள்ள சொருகி, திறந்து விட்டு, குலுக்கு குலுக்குன்னு குலுக்குறாரு. பக்கத்துல ஒரு பொண்ணு வாட்டர் பாட்டிலோட நிக்குது. "சார், அது குடிக்கிற தண்ணி"ன்னேன். "அந்தக் குழாய்ல பிரஷர் பத்தல மேட்"ங்கறாரு!! பிரஷர் பத்தலயாம். எனக்கு ஏறிச்சு பாருங்க பிரஷர்.

அந்த டம்ப் பாயிண்ட், அந்தத் தண்ணி, ஆத்தோரமா வண்டி நிறுத்துற இடம், பார்க்குல பார்பிக்யூ எல்லாம் பல ஊர்ல ஓசி, இல்லன்னா சில்லறைக் காசு. ஆயிரம், ஆயிரத்தைந்நூறு பேர் இருக்கிற ஊரு கவுன்சில் எதுக்கு இதெல்லாம் செய்யுது? வர்றவன் பேக்கரில ஒரு மீட் பை (கறி அடைச்ச பேஸ்ட்ரி) வாங்குவான், பப்ல ஒரு வேளை சாப்பிடுவான், டீசல் போடுவான்னுதானே. இவங்க என்னடான்னா கடலோர சூப்பர் மார்க்கெட்லயே மாசத்துக்கு வேண்டிய கறி, அரிசி, பீரு மொத்தமும் ஃப்ரிட்ஜ்ல அடைச்சிட்டு வந்து, மடக்கு சேர் போட்டு மூணு நாள் உக்காந்து, ஜெனரேட்டர ராத்திரி பத்து மணி வரைக்கும் ஓட்டிட்டு, "இந்த ஊர்ல பாதி கடை மூடிக் கெடக்குது, பாவம்"னு உச்சு கொட்டுறாங்க. மூடாம என்ன பண்ணுவான், உங்க மூஞ்சியப் பாத்துட்டு கல்லால உக்காந்திருப்பானா?

அடுத்தது "இங்க ஒண்ணுமே இல்ல" கோஷ்டி. பிளாக்கால்ல கம்பளி அலசுற பழைய ஆலை இருக்கு, 1908ல இருந்து 1978 வரைக்கும் ஓடினது, நீராவி எஞ்சினு, நிலத்தடியில இருந்து சூடாவே வர்ற தண்ணில ஆட்டு ரோமத்த அலசியிருக்காங்க. கைடு கூட்டிட்டுப் போயி ஒவ்வொரு பெல்ட்டும் எதைச் சுத்த வைக்குதுன்னு காட்டுவாங்க, என் பையன் வாயப் பொளந்துட்டு நின்னான். வாசல்ல ஒரு ஜோடி டிக்கெட் விலையக் கேட்டுட்டு, சீனியர் கார்டுக்கு எவ்ளோ கொறையும்னு கேட்டுட்டு, கேட்டுக்கு வெளிய நின்னு செல்ஃபி எடுத்துட்டு கெளம்பிட்டாங்க. அதே ஊர்ல ஜாக்கி ஹோவுக்கு சிலை இருக்கு. 1892ல வெறும் கை கத்தரியால ஒரே நாள்ல 321 ஆடுங்களுக்கு ரோமம் கத்தரிச்ச மனுஷன், 7 மணி 40 நிமிஷத்துல! 1950ல ஒருத்தர் அத முறியடிச்சாரு, அதுவும் மெஷின வச்சு. சிலையப் பாக்கக் காசே கிடையாது, அதுக்கும் வண்டிய விட்டு இறங்க மாட்டேங்கறாங்க.

பார்கால்டின்ல ரயில்வே ஸ்டேஷன் முன்னாடி அந்த மரம். 1891 வேலை நிறுத்தத்துல ரோமம் கத்தரிக்கிற தொழிலாளிங்க கூடினது அதுக்கு அடியிலதான், ஆஸ்திரேலிய லேபர் கட்சியோட பொறப்பையே அதோட சேத்துதான் பேசுவாங்க. 2006ல எவனோ விஷம் வச்சுக் கொன்னுட்டான். மிச்சமிருக்கிற மரத்தச் சுத்தி நினைவிடம் கட்டி, மேல இருந்து மரக்கட்டைங்களா தொங்க விட்டிருக்காங்க, அடியில நின்னு அண்ணாந்து பாத்தா அந்தக் கட்டைங்களே ஒரு மரமாட்டம் தெரியும். எனக்குப் பின்னாடி ஒரு குரல், "செத்த மரத்தப் பாக்கவா இவ்ளோ டீசல் செலவு பண்ணோம்?" அடேய்! சார்லவில்ல மழைய வரவழைக்கன்னு 1902ல வானத்தப் பாத்து சுட்ட கூம்பு பீரங்கி நிக்குதே, மழை வரல, ஆனா வறட்சியில அந்த ஜனங்க எவ்ளோ தவிச்சிருந்தா அப்படி ஒண்ண முயற்சி பண்ணியிருப்பாங்கன்னு ஒரு நிமிஷம் யோசிக்கக் கூட இவங்களுக்கு நேரம் இல்ல, ஏன்னா ஃப்ரீ கேம்ப்ல நெழல் இடத்தப் புடிக்கணும்.

ரோட்ல இவங்க பண்றது தனி ரகம். எண்பதுல உருட்டிட்டே போவாங்க, சரி, பாரம் இழுக்குறாங்க, ஒத்துக்கறேன். ஓவர்டேக்கிங் லேன் வந்ததும் எங்கிருந்துதான் வேகம் வருமோ, நூறு! லேன் முடிஞ்சதும் மறுபடி எண்பது. பின்னாடி 53 மீட்டர் நீள ரோட் ட்ரெயின், அதான் ரயில் மாதிரி பல டிரெய்லர் கோத்த லாரி, வந்துட்டு இருக்கும், அதோட டிரைவர் வண்டிக்காரங்க பேசிக்கிற ரேடியோ சேனல் நாப்பதுல வழி விடச் சொல்லி கெஞ்சிட்டு இருப்பாரு, இவரு ரேடியோவையே போட்டிருக்க மாட்டாரு. அப்புறம் கேம்ப்ல வந்து "இந்த லாரிக்காரங்க ரொம்ப மோசம்"னு பிரசங்கம்.

வின்டன்ல அப்படி ஒருத்தரு பிரசங்கம் முடிச்சிட்டு என்கிட்டயே வந்து, அடுத்த ஊர்ல ஓசியா எங்க நிறுத்தலாம்னு கேட்டாரு. எனக்கு இடம் தெரியும். சொல்லலியே!