பீட்ரூட் சிவப்பு வேறு, ரத்தச் சிவப்பு வேறு

"ரத்தம் கம்மியா இருக்கு" என்று டாக்டர் சொன்ன அன்றே வீட்டில் மூன்று பொருள் வந்து இறங்கிவிடும். ஒரு பாக்கெட் பேரீச்சம்பழம், அரைக் கிலோ பீட்ரூட், இரண்டு மாதுளை. எழுதிக் கொடுத்த இரும்பு மாத்திரை அட்டை மட்டும் நாலே நாளில் ஃப்ரிட்ஜ் மேல் ஏறிவிடும். கேட்டால், "வயித்துக்கு ஒத்துக்கல, இயற்கையாவே ஏத்திக்கலாம்னு இருக்கேன்." தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. இரண்டு பேரில் ஒருவர். இவ்வளவு பேருக்கு உள்ள ஒரு நோய்க்கு உண்டான எளிய கணக்கை யாரும் அவர்களுக்குப் போட்டுக் காட்டுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம். அதனால் இங்கே போடுகிறேன்.

ஐம்பது கிலோ எடையுள்ள பெண், ரத்தத்துக்குச் சிவப்பைத் தரும், இரும்பைக் கொண்டு உருவாகும் ஹீமோகுளோபின் 8 என்று வைத்துக்கொள்வோம். இரும்பை நரம்பு வழியாக ஏற்றும்போது எவ்வளவு தேவை என்று பார்க்க மருத்துவர்கள் கன்சோனி சூத்திரம் என்று ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். 15-லிருந்து இப்போதைய ஹீமோகுளோபினைக் கழித்து, அதை எடையாலும் 2.4-ஆலும் பெருக்கி, உடம்பின் கையிருப்புக்காக 500 கூட்ட வேண்டும். 50 × 7 × 2.4 = 840. அதோடு 500. மொத்தம் 1,340 மில்லிகிராம். அந்த உடம்பில் இவ்வளவு இரும்பு கடனாக நிற்கிறது.

அமெரிக்க வேளாண் துறையின் உணவு அட்டவணைப்படி பேரீச்சம்பழத்தில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 1 மி.கி. இரும்பு. தினம் பத்துப் பழம், அதாவது 75 கிராம் சாப்பிட்டால் முக்கால் மி.கி. உள்ளே போகும். ரத்தம் குறைந்த உடம்பு இரும்பைக் கூடுதலாக இழுத்துக்கொள்ளும், அதனால் தாராளமாக 20 சதவீதம் என்றே வைப்போம். ஒரு நாளைக்குச் சேருவது 0.15 மி.கி. கடன் அடைய 8,900 நாளுக்கு மேல் ஆகும். இருபத்து நாலு வருஷம். காய்ந்த சில ரகங்களுக்கு நாலைந்து மி.கி. காட்டும் அட்டவணையும் உண்டு. அதை எடுத்துக்கொண்டாலும் ஐந்து வருஷம். அத்தனை நாளும் மாதவிடாயில் ஒரு சொட்டும் போகாமல் இருந்தால்தான் இந்தக் கணக்கே.

60 மி.கி. இரும்புள்ள ஒரு மாத்திரையில் 10 முதல் 20 சதவீதம் சேர்ந்தால் 6 முதல் 12 மி.கி. அதே கடன் நாலு மாதத்திலிருந்து ஏழெட்டு மாதத்துக்குள் அடைந்துவிடும்.

பீட்ரூட்டில் 100 கிராமுக்கு 0.8 மி.கி., மாதுளையில் 0.3 மி.கி. பீட்ரூட்டின் சிவப்பு பீட்டாலெயின் என்னும் தாவரச் சாயம். அதற்கும் ஹீமோகுளோபினுக்கும் எந்த உறவும் இல்லை. பீட்ரூட் சாப்பிட்ட சிலருக்கு மறுநாள் சிறுநீர் சிவப்பாகப் போவதும் இந்தச் சாயத்தால்தான். நல்ல காய், நல்ல பழம், தாராளமாகச் சாப்பிடுங்கள். மருந்தின் இடத்தில் மட்டும் வைக்காதீர்கள். சர்க்கரை உள்ளவர்கள் 'ரத்தம் ஊற' பேரீச்சம்பழ சிரப்பை ஸ்பூன் ஸ்பூனாக எடுப்பது எனக்கு இன்னும் கவலை. அது பெரும்பாலும் சர்க்கரைதான்.

நம் பாட்டிமார் சொன்னதெல்லாம் தப்பு என்று சொல்ல வரவில்லை. கறிக்கடையில் சுவரொட்டி கேட்டு வாங்கிவரச் சொன்னார்களே, அது அச்சுப் பிசகாத அறிவு. சுவரொட்டி என்பது ஆட்டின் மண்ணீரல். செம்மறிக்குட்டி மண்ணீரலில் 100 கிராமுக்கு 40 மி.கி.க்கு மேல் இரும்பு இருக்கிறது. ரத்தத்தோடு கலந்த இந்த ஹீம் வகை இரும்பு 15 முதல் 35 சதவீதம் வரை உடம்பில் சேரும். செடிகொடி இரும்பு 2-லிருந்து 20 வரை, கூட என்ன சாப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது. ஈரலும் நல்லதுதான். ஆனால் அதில் வைட்டமின் ஏ மிக அதிகம், கர்ப்பிணிகள், குறிப்பாக முதல் மூன்று மாதத்தில், தவிர்க்க வேண்டும். முருங்கைக் கீரையில் 100 கிராமுக்கு 4 மி.கி.க்குச் சற்று மேல். கீரைகளில் அதுவும் நல்லது. சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்துகொண்டாலோ, பக்கத்தில் ஒரு நெல்லிக்காயோ கொய்யாத் துண்டோ இருந்தாலோ இரும்பு கூடுதலாகச் சேரும். எலுமிச்சையை அடுப்பை அணைத்த பிறகு பிழியுங்கள், கொதித்தால் வைட்டமின் சி வீணாகும். இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு வைப்பதும் பலன் உள்ள பழக்கம், புளிப்பு இரும்பைக் கொஞ்சம் கரைத்துத் தரும். இட்லி மாவைப் புளிக்க வைப்பதும் பயறை முளைகட்டுவதும் இரும்பைப் பிடித்துவைக்கும் ஃபைட்டேட்டைக் குறைக்கும்.

இவ்வளவையும் செய்துவிட்டுக் கடைசியில் ஒரு டம்ளர் காபி குடித்துக் கெடுத்துக்கொள்கிறோம். இதைத்தான் அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். 1983-இல் வெளிவந்த ஒரு ஆய்வில், உணவோடு ஒரு கப் காபி குடித்தவர்களுக்கு இரும்பு சேர்வது 39 சதவீதம் குறைந்தது, டீக்கு 64 சதவீதம். சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்த காபி எதையும் குறைக்கவில்லை. ஆனால் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்த காபி, உணவோடு குடித்த அளவுக்கே தடுத்தது. உணவு இன்னும் குடலில் இருக்கிறது, அதுதான் காரணம். ஆகவே காலை எழுந்ததும் காபி, ஒரு மணி நேரம் கழித்து இட்லி என்றால் பழுதில்லை. இட்லியை முடித்த கையோடு காபி என்பதுதான் பிரச்சினை. ஒரு பைசா செலவில்லாமல் மாற்றக்கூடிய பழக்கம் இது.

மாத்திரைக்கு வருவோம். வாங்கும்போது 'எலிமென்டல் அயர்ன்' எவ்வளவு என்று பாருங்கள். ஃபெரஸ் ஃப்யூமரேட் 100 மி.கி. என்றால் அதில் இரும்பு 33 மி.கி.தான், மீதி உப்பின் எடை. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடுவது நல்லது. குமட்டினால் கொஞ்சம் உணவோடு போடுங்கள், சற்றுக் குறைவாகச் சேரும், ஆனால் நிறுத்துவதைவிட அது எவ்வளவோ மேல். பால், டீ, கால்சியம் மாத்திரை, அசிடிட்டி மருந்து இவற்றோடு சேர்த்துப் போடக்கூடாது. கால்சியம் எழுதியிருந்தால் ஒன்று காலை, ஒன்று இரவு. தைராய்டு மாத்திரைக்கும் இரும்புக்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். தார் மாதிரி ஒட்டிக்கொண்டு நாற்றம் அடித்தால் மட்டும் உடனே காட்டுங்கள்.

தினம் ஒன்று போட்டு வயிறு கட்டிக்கொள்கிறது என்றால் டாக்டரிடம் ஒன்றுவிட்ட நாள் போடலாமா என்று கேளுங்கள். ஒரு வேளை இரும்பு உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. ஒரு நாள் வரை அது அடுத்த வேளை இரும்பைத் தடுக்கிறது. 2017-இல் வந்த ஆய்வில், தினமும் போட்டவர்களுக்கு ஒவ்வொரு வேளையிலும் 16.3 சதவீதம் சேர்ந்தது, ஒன்றுவிட்ட நாள் போட்டவர்களுக்கு 21.8. கர்ப்பிணிகள் இதைத் தாங்களாக மாற்றக்கூடாது, அரசு தரும் 60 மி.கி. இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையை நாலாம் மாதத்திலிருந்து தினமும் 180 நாள் போட வேண்டும். இந்த மாத்திரை போட்டால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்று சொல்பவர்கள் வீட்டில் இருந்தால், தயவுசெய்து மெதுவாக ஆனால் உறுதியாக மறுத்துச் சொல்லுங்கள். பிள்ளையின் நிறம் தாய் தகப்பன் மரபணுவில் இருந்து வருவது.

இரும்போடு தனியாக வைட்டமின் சி மாத்திரை வாங்கிச் செலவு செய்ய வேண்டியதில்லை. 440 பேரை வைத்து நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், இரும்பு மட்டும் போட்டவர்களுக்கும் வைட்டமின் சி-யும் சேர்த்துப் போட்டவர்களுக்கும் ஹீமோகுளோபின் ஏறுவதில் வித்தியாசம் இல்லை. உணவு இரும்புக்கு எலுமிச்சை உதவும். மாத்திரையில் அளவே பெரிது, அதனால் தேவைப்படவில்லை.

இரண்டிலிருந்து நாலு வாரத்தில் ஹீமோகுளோபின் 1 ஏற வேண்டும். சரியான அளவுக்கு வந்த பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும், கையிருப்பு அப்போதுதான் நிரம்பும். பெரும்பாலானோர் 12-ஐத் தொட்டதும் நிறுத்திவிடுகிறார்கள், ஆறு மாதத்தில் பழைய கதை.

ஒழுங்காகப் போட்டும் ஏறவில்லை என்றால் ரத்தம் எங்கோ போகிறது, அல்லது நோயே வேறு. ஹீமோகுளோபின் 10 உள்ள பெண்ணுக்கு ஒரு மாதவிடாயில் 80 மி.லி. போனால் 27 மி.கி. இரும்பு போகிறது. ஏழு நாளைத் தாண்டுகிறது, ஒன்றிரண்டு மணிக்கு ஒரு நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறது, பெரிய கட்டியாக விழுகிறது என்றால் அது 'எல்லாருக்கும் வர்றதுதான்' இல்லை, மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்புக் குறைபாடு வந்தால் வயிறு, குடலில் ரத்தக் கசிவு இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும், குடல் புற்றுநோய்க்கும் இது முதல் அறிகுறியாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனையில் எம்.சி.வி., அதாவது சிவப்பணுவின் சராசரி அளவு, மிகக் குறைவாகவும் சிவப்பணு எண்ணிக்கை அதிகமாகவும் இருந்தால் அது பரம்பரையாக வரும் தலசீமியா ட்ரெய்ட்டாக இருக்கலாம். இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையைப் பார்க்காமல் வருஷக்கணக்கில் இரும்பு கொடுக்கக்கூடாது.

மாத்திரை டப்பா குழந்தைக்கு எட்டாத இடத்தில், பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். பத்துக் கிலோ எடையுள்ள குழந்தை 60 மி.கி. மாத்திரை பத்தை விழுங்கினால் கிலோவுக்கு 60 மி.கி., உயிருக்கே ஆபத்தான அளவு. சிவப்பு நிறம் மிட்டாய் மாதிரி இருக்கும். விழுங்கிவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல், காலி அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.