மருமகனுக்குத்தானே கொடுக்கிறோம் என்று துப்பாக்கியைக் கைமாற்றாதீர்கள்

சொந்தக்காரனுக்குத்தானே கொடுக்கிறோம், இதில் என்ன சட்டம் வந்துவிடப் போகிறது என்று கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துப் படியுங்கள். இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனில் நம் ஆட்கள் மத்தியில் பழைய துப்பாக்கிகள் கைமாறும் விதத்தைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே பயமாக இருக்கிறது. காசு கொடுத்த அன்றே பொருளை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போகிறார்கள். "பேப்பர் வேலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் அண்ணே" என்கிறார்கள். அந்த அப்புறம் வருவதற்குள் இரண்டு பேருமே குற்றவாளி ஆகிவிடுகிறார்கள் என்பது இருவருக்கும் தெரிவதில்லை.

நான் வக்கீல் இல்லை. சொந்த லைசென்ஸ் வைத்திருக்கிறேன், சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போய் வருகிறேன், அதனால் இந்தச் சட்டத்தோடு வாழ்கிறவன், அவ்வளவுதான்.

இந்த நாட்டில் இப்போது நடப்பில் இருப்பது 2000ஆம் ஆண்டின் 60ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், 2004 ஜூலையில் முழுமையாக அமலுக்கு வந்தது. இதன்படி லைசென்ஸ் என்பது ஒரு குறிப்பிட்ட ஆளையும் ஒரு குறிப்பிட்ட துப்பாக்கியையும் சேர்த்துக் கட்டிய ஒன்று. உங்களிடம் ஏற்கெனவே ஒரு பிஸ்டலுக்கு லைசென்ஸ் இருக்கிறது என்பதால் இன்னொரு பிஸ்டலை வாங்கி வீட்டில் வைக்க முடியாது. முதலில் பயிற்சி, அப்புறம் போலீஸ் கொடுக்கும் தகுதிச் சான்றிதழ், அதற்குப் பிறகு நீங்கள் வாங்கப் போகிற அந்த ஒரு துப்பாக்கியின் சீரியல் நம்பரைப் போட்டு லைசென்ஸுக்கு விண்ணப்பம். 21 வயது ஆகியிருக்க வேண்டும். சட்டப்படியான இரும்புப் பெட்டி வீட்டில் இருக்க வேண்டும், அதை அதிகாரி வந்து பார்ப்பார். தற்காப்புக்கு என்று 13ஆம் பிரிவில் கிடைக்கும் லைசென்ஸ் ஆளுக்கு ஒன்றுதான், அதுவும் 5 வருடத்துக்குத்தான்.

லைசென்ஸ் உங்கள் பெயரில் வரும் நாள்வரை அந்தத் துப்பாக்கி விற்பவரிடமோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கி டீலரின் ஸ்டாக்கிலோதான் இருக்க வேண்டும். முழுப் பணமும் கொடுத்தாகிவிட்டது, விண்ணப்பம் போட்ட ரசீதும் கையில் இருக்கிறது என்றாலும் அதே கதைதான். தனியார் விற்பனை டீலர் வழியாகத்தான் நடக்க வேண்டும், டீலர் வழி முடியாத இடத்தில் போலீஸ் நிலையத்தின் துப்பாக்கிப் பொறுப்பு அதிகாரி, டி.எஃப்.ஓ. என்று நாம் சொல்கிறோமே, அவர் ஒப்புக்கொண்ட ஏற்பாட்டின்படி. வேறு வழி கிடையாது. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 15 வருடம் வரை சிறை போகலாம். கொடுத்தவரும் தப்ப முடியாது, உரிமை இல்லாத ஆளிடம் துப்பாக்கியை ஒப்படைப்பதே தனிக் குற்றம்.

டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கணவர் தவறிப் போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அவருடைய தங்கை மகன் வந்து நின்றான். "மாமா அந்தப் பிஸ்டலை எனக்குத்தான் தருவேன் என்று சொல்லியிருந்தார், அத்தை. சும்மா வேண்டாம், காசு கொடுத்துவிடுகிறேன்." நல்ல பையன், குடி கிடையாது, கோயில் வேலை என்றால் முதல் ஆளாக நிற்பான். அக்காவுக்கோ அந்தச் சாமான் வீட்டை விட்டுப் போனால் போதும். அலமாரியைத் திறந்து காட்டினார். ஒரு 9 எம்.எம். பிஸ்டல், மெழுகுத் தாளில் சுற்றியது, பக்கத்தில் பழைய பேக்கர்ஸ் பிஸ்கட் டின் நிறையத் தோட்டா, சிலது பச்சை பிடித்துக் கிடந்தது. லைசென்ஸ் அட்டை அந்த டின்னுக்கு அடியில்.

அந்தப் பையன் கெட்டவன் இல்லை என்பதுதான் இங்கே சிக்கலே. கெட்டவன் கேட்டால் அக்கா கொடுத்திருக்கவே மாட்டார். நம் வீடுகளில் நம்பிக்கை இருக்கிற இடத்தில் சட்டத்தைப் பற்றிப் பேசுவதையே அவமானமாக நினைக்கிறோம். "என்னை நம்பவில்லையா?" என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் போதும், சாவியைக் கொடுத்துவிடுகிறோம்.

உண்மையில் அந்தப் பிஸ்டலை விற்கும் உரிமை அக்காவிடமே இல்லை. லைசென்ஸ் கணவரோடு போய்விட்டது. இறந்தவரின் துப்பாக்கி அவருடைய சொத்துக் கணக்கில் சேரும், அதைப் பொறுப்பில் எடுக்க வேண்டியவர் இறந்தவர்களின் சொத்தைக் கவனிக்கும் உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகம் நியமிக்கும் நிர்வாகி. 2,50,000 ராண்டுக்கு உட்பட்ட சின்னச் சொத்து என்றால் நடைமுறை எளிது, ஆனாலும் மாஸ்டரின் கடிதம் வேண்டும். அதுவரை பத்திரமாகச் சேமித்து வைக்க டீலர்கள் இருக்கிறார்கள். மாதக் கட்டணம் வாங்குவார்கள், கொடுத்துவிடுங்கள், அது வீண்செலவு இல்லை. மருமகனுக்குப் பிஸ்டல் வேண்டும் என்றால் அவன் தகுதிச் சான்றிதழ் எடுத்து, தன் பெயரில் விண்ணப்பித்து, லைசென்ஸ் கையில் வந்த பிறகு டீலரிடம் போய் வாங்கிக்கொள்ளட்டும். மாமாவே வாக்குக் கொடுத்திருந்தாலும் வழி இதுதான்.

வாங்குகிறவர்களுக்கும் சொல்ல வேண்டும். முதல் வேலையாக விற்பவரின் லைசென்ஸ் அட்டையைக் கேளுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள், அட்டையைக் காட்டத் தயங்குகிறவரிடம் உங்களுக்கு வேலையே இல்லை. அட்டையில் இருக்கும் பெயர் அவருடைய அடையாள அட்டையோடு ஒத்துப்போகிறதா, தயாரிப்பு, அளவு, சீரியல் நம்பர் எல்லாம் துப்பாக்கியில் இருப்பதோடு பொருந்துகிறதா, காலாவதித் தேதி தாண்டிவிட்டதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். சீரியல் நம்பரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். ஒரு எழுத்து தேய்க்கப்பட்டிருந்தாலும், அரம் போட்ட தடம் தெரிந்தாலும் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். நம்பர் அழித்த துப்பாக்கி 4ஆம் பிரிவின்படி தடை செய்யப்பட்ட பொருள், அதற்கு யாருக்கும் சாதாரண லைசென்ஸ் கிடைக்காது. சுட்டுப் பார்க்க வேண்டுமா? ரேஞ்சுக்குப் போங்கள், சொந்தக்காரர் பக்கத்தில் நின்று நேரடியாகக் கண்காணிக்கட்டும், சட்டம் அதை அனுமதிக்கிறது. "சனி ஞாயிறு வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று வீட்டுக்கு எடுத்துப் போவதை அனுமதிக்காது.

பணத்தை எழுத்தில் பேசுங்கள். லைசென்ஸ் வர மாதக் கணக்கில் ஆகும். நிராகரிக்கப்படலாம், மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போனால் இன்னும் இழுக்கும். நிராகரித்தால் முன்பணம் திரும்புமா, எவ்வளவு திரும்பும், டீலரின் சேமிப்புக் கட்டணம் யார் தலையில் என்று ஒரு பக்கத்தில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொண்டால் போதும். உறவுக்குள் சண்டை வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ரைபிள் வைத்திருக்கும் வேட்டைக்காரர்கள் ஒன்றைக் கவனியுங்கள். நம் சட்டத்தில் தனிக் குழலும் துப்பாக்கி என்றே கணக்கு. பழைய குழலை மாற்றிவிட்டேன், கழற்றியதை நண்பருக்குக் கொடுத்தேன் என்றால் துப்பாக்கியைக் கொடுத்ததாகவே அர்த்தம்.

தோட்டா விஷயம் இன்னும் மோசம், அதை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. துப்பாக்கியை ஒழுங்காக விற்றுவிட்டு மிச்சத் தோட்டாவை அலமாரியில் விட்டுவிடுகிறார்கள். அந்தத் தோட்டா பொருந்தும் துப்பாக்கிக்கு உங்களிடம் லைசென்ஸ் இல்லை என்றால் ஒரு தோட்டா வைத்திருப்பதும் குற்றம். சாதாரண லைசென்ஸ்காரருக்குத் துப்பாக்கிக்கு 200 தோட்டாதான் வரம்பு. வாங்குபவருக்கு இனாமாகத் தள்ளிவிடவும் கூடாது, அவர் லைசென்ஸ் இன்னும் வரவில்லையே. அக்கா வீட்டுப் பிஸ்கட் டின்னும் பிஸ்டலோடு டீலரிடமே போயாக வேண்டும்.

ஏன் எல்லோரும் இப்படி அவசரப்படுகிறோம் என்பது எனக்குப் புரிகிறது. கடைகள் சூறையாடப்பட்ட 2021 ஜூலைக் கலவரத்தை இங்கே யாரும் மறக்கவில்லை. டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் மட்டும் 36 பேர் செத்தார்கள் என்று அரசே சொன்னது. அவரவர் தெருமுனையில் இரவெல்லாம் விழித்திருந்தோம். அதே வருடம் மே மாதம்தான் தற்காப்பு என்ற காரணத்தையே லைசென்ஸிலிருந்து எடுக்கப் பார்க்கும் திருத்த மசோதா வரைவு வெளிவந்திருந்தது. கதவு மூடப் போகிறது என்ற பயமும் சேர்ந்துகொண்டது. பயம் நியாயமானது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பேப்பர் இல்லாமல் வாங்கிய துப்பாக்கியால் ஒரு நாள் உண்மையாகவே வீட்டைக் காக்க நேர்ந்தால், அடுத்த நாள் போலீஸ் கேட்கும் முதல் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது. திருடன் வெளியே, நீங்கள் உள்ளே. பெண்டாட்டி பிள்ளைகள் வக்கீலைத் தேடி அலைவார்கள்.

லைசென்ஸ் காலாவதியானவர்கள் வேறு ஒரு கூட்டம். காலாவதிக்கு 90 நாளுக்கு முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும் என்ற 24ஆம் பிரிவு செல்லும் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2018 ஜூன் 7இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. தண்டனை இல்லாமல் துப்பாக்கியை ஒப்படைக்க விட்ட பொதுமன்னிப்புக் காலங்கள், 2019 டிசம்பரிலும் 2020 ஆகஸ்டிலும் தொடங்கியவை, வந்து போய்விட்டன. காலாவதியான அட்டையை வைத்துக்கொண்டு வாங்குபவரைத் தேடாதீர்கள். முதலில் இந்தச் சட்டம் தெரிந்த வக்கீலிடம் போங்கள், அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

விற்பனையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், போலீஸிடமே ஒப்படைத்துவிடுகிறேன் என்பவர்கள், முதலில் நிலையத்துக்குப் போன் செய்து டி.எஃப்.ஓ.விடம் பேசுங்கள். பையில் தூக்கிக்கொண்டு திடீரென்று போய் நிற்காதீர்கள். சீரியல் நம்பர், தேதி, வாங்கியவர் பெயர், பதவி, கையெழுத்து எல்லாம் உள்ள ரசீது இல்லாமல் அங்கிருந்து நகராதீர்கள். அழிப்பதற்கென்று போலீஸ் வசம் வந்த துப்பாக்கிகளை கேப் டவுன் கும்பல்களுக்கு விற்ற கிறிஸ் பிரின்ஸ்லூ என்ற போலீஸ் கர்னலுக்கு 2016இல் 18 வருடம் சிறை கொடுத்தது இதே நாடுதான். விற்றாலும் சரி, ஒப்படைத்தாலும் சரி, சில மாதம் கழித்துத் திரும்பப் போய், பிரிட்டோரியாவின் மத்தியப் பதிவேட்டில் அந்தத் துப்பாக்கி உங்கள் பெயரிலிருந்து நீங்கிவிட்டதா என்று கேளுங்கள். நீங்கவில்லை என்றால் அந்த ரசீதின் நகலைக் கொடுத்து, கொடுத்ததற்கும் ஒரு கையெழுத்து வாங்கி வையுங்கள்.