விற்க எதுவும் இல்லாத மேசை

லூசியானாவிலிருந்து ஐ-10 நெடுஞ்சாலையில் வந்து சபீன் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் டெக்சஸ். நுழைந்ததும் ஒரு பச்சைப் பலகை: பியூமான்ட் 23 மைல், எல் பாசோ 857 மைல். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போய்த் திரும்புகிற தூரம், ஒரே மாநிலத்துக்குள், ஒரே சாலையில் கிடக்கிறது. அதைப் படித்தவுடன் வண்டி ஓட்டுகிறவருக்குத் தோன்றுவது ஒன்றுதான்: நிற்காமல் போய்ச் சேர வேண்டும்.

ஹூஸ்டனில் பன்னிரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். நியூ ஆர்லியன்ஸ் போய்த் திரும்பும் போதெல்லாம் ஆரஞ்சு என்ற அந்த எல்லை ஊரில், வருகிற பயணிகளை வரவேற்று வழி சொல்ல மாநில அரசு நடத்தும் பயணத் தகவல் மையத்தில் வண்டியை நிறுத்தியிருக்கிறேன். கழிப்பறைக்குப் போவேன், முகம் கழுவுவேன், கிளம்பிவிடுவேன். உள்ளே ஒரு மேசை இருக்கிறது, அதன் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதைக் கண் பார்த்திருக்கும். மனம் பார்த்ததில்லை.

போன ஏப்ரலில் சிதம்பரத்திலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். நியூ ஆர்லியன்ஸைக் காட்டிவிட்டுத் திரும்பும் வழியில் அதே இடத்தில் நிறுத்தினேன். அப்பா எங்கே போனாலும் முதலில் வரைபடத்தைத் தேடுகிறவர். நான் வெளியே வந்தபோது அவர் மேசையருகே நின்றுகொண்டிருந்தார். எதிரே அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மையார். “எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள்?” என்று கேட்டுவிட்டு மூன்றாவதாக ஒரு கேள்வி கேட்டார்: “வீட்டுக்கு இன்றைக்கே போய்ச் சேர வேண்டுமா?”

அந்தக் கேள்வியைத்தான் நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கைப்பேசி இதுவரை என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. இரண்டு மணி நேரத்தில் ஹூஸ்டன் என்று அது ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருந்தது.

நாளை மாலைக்குள் போனால் போதும் என்றேன். அவர் மாநில வரைபடம் ஒன்றை எடுத்து எங்கள் பக்கம் பார்த்தவாறு விரித்தார். பிறகு மஞ்சள் நிற மார்க்கர் பேனாவை எடுத்துத் தலைகீழாகக் கோடு போட்டார். அவருக்குத் தலைகீழ், எங்களுக்கு நேர். ஊர்ப் பெயர்களையும் அப்படியே தலைகீழாக எழுதினார், எழுத்து கோணவில்லை. எத்தனை ஆயிரம் முறை அதைச் செய்த கை அது! ஐ-10இல் ஐம்பது மைல் போனால் வின்னி என்ற சிற்றூர் வரும், அங்கே இடப்பக்கம் திரும்பி 124ஆம் எண் சாலையில் தெற்கே போனால் ஹை ஐலண்ட், அங்கிருந்து கடலோரமாக 87ஆம் எண் சாலை, அது முடிகிற இடத்தில் கட்டணமில்லாத படகு, படகு கொண்டுபோய் விடுவது கால்வெஸ்டன் தீவில். “ஏப்ரல் மாதம். மெக்சிகோ வளைகுடாவைக் கடந்து வரும் பறவைகள் ஹை ஐலண்டில்தான் இறங்கும். இந்த மாதத்தில் அதைப் பார்க்காமல் வின்னியைத் தாண்டாதீர்கள்” என்றார்.

கிளம்பும் முன் கட்டடத்தின் பின்பக்கத்தைக் காட்டினார். சதுப்பு நிலத்துக்கு மேலே மரப்பலகையில் நடைபாதை போட்டிருக்கிறார்கள். சைப்ரஸ் மரங்களின் வேர் முண்டுகள் தண்ணீரைத் துளைத்துக்கொண்டு மேலே நிற்கின்றன. அம்மா வெகுநேரம் கைப்பிடியில் சாய்ந்து பார்த்துவிட்டு, “பிச்சாவரத்தைக் கொண்டுவந்து இங்கே வைத்தது போல இருக்கிறது” என்றார். “அது உப்புத் தண்ணீர், இது நல்ல தண்ணீர்” என்று அப்பா திருத்தினார். பன்னிரண்டு ஆண்டுகள் அந்தக் கட்டடத்தின் முன்பக்கத்தில் மட்டும் நின்றுவிட்டுப் போயிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வின்னியில் திரும்பினோம். ஹை ஐலண்டில் மரங்களின் உச்சி உயரத்துக்கு எழுப்பிய நடைபாதையிலிருந்து பார்த்தால், குளத்து நடுவே கிளைகள் முழுக்க ரோஜா நிறத்தில் கரண்டிவாயன்கள். வேடந்தாங்கலில் வெள்ளையாகப் பார்த்த பறவையின் உறவுக்காரப் பறவை, இங்கே இந்த நிறத்தில். குஞ்சு ஒன்று தாயின் வாய்க்குள் தலையை விட்டு இரை எடுத்ததை அம்மா இன்றைக்கும் தொலைபேசியில் பேசும்போது சொல்கிறார். அப்புறம் படகு. ஏறத்தாழ இருபது நிமிடப் பயணம், வண்டியோடு ஏறிக்கொள்ளலாம், மாநில நெடுஞ்சாலைத் துறையே இரவும் பகலும் ஓட்டுகிறது, காசு கிடையாது. படகுக்குப் பக்கத்திலேயே டால்ஃபின்கள் எழுந்து எழுந்து மூழ்கின. இருட்டிவிட்டதால் கால்வெஸ்டனில் அறை எடுத்தோம். மறுநாள் காலையில் கடல் தடுப்புச் சுவர் மேல் நடந்தோம். 1900ஆம் ஆண்டுப் புயலில் குறைந்தது 6,000 பேர் செத்த ஊர் அது. அதற்குப் பிறகு கட்டிய சுவர். 2004 டிசம்பரைக் கடலூர்க் கரையில் பார்த்த அப்பா அங்கே அதிகம் பேசவில்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். அந்த மேசை இல்லாவிட்டால் நான் அன்றைக்கு ஐ-10இல் ஒரு முறை பெட்ரோல் போட்டிருப்பேன். மேசை இருந்ததால் ஒரு விடுதி அறை, மூன்று வேளைச் சாப்பாடு, பறவைக் காட்டுக்கு மூன்று நுழைவுச்சீட்டு, அம்மா பேத்திகளுக்காக வாங்கிய சிப்பிகள். விடுதி வாடகையில் 6 சதவீதம் மாநிலத்துக்கு வரியாகப் போகிறது. நகராட்சி தன் பங்கைத் தனியாக எடுத்துக்கொள்கிறது. சாப்பாட்டுக்கும் சிப்பிக்கும் விற்பனை வரி. வரியை விடுங்கள், ஹை ஐலண்ட் போன்ற சின்ன ஊருக்கு ஒரு குடும்பம் வந்து போனது. சுற்றுலாவுக்கு அந்த மேசை எப்படி உதவுகிறது என்று கேட்டால் எனக்குத் தெரிந்த பதில் இதுதான்: கடந்து போக இருந்தவனை அது ஓர் இரவு தங்க வைக்கிறது.

இதையெல்லாம் நண்பர்கள் கூடிய ஒரு விருந்தில் சொன்னேன். ஒருவர் கேட்டார்: “கையில் கைப்பேசி இருக்கும்போது, வரிப்பணத்தில் ஆள் வைத்து வரைபடம் கொடுப்பது வீண் இல்லையா?” மற்றவர்களும் தலையாட்டினார்கள். அன்று சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இந்தப் பதிவு அந்தப் பதில்தான்.

கைப்பேசி நாம் கேட்டதற்குப் பதில் சொல்லும். ஹை ஐலண்ட் என்ற பெயரே தெரியாதவன் அதை எப்படித் தேடுவான்? தேடினாலும் முதலில் வருவது காசு கொடுத்தவரின் விளம்பரம். அந்த மேசையில் காசு கொடுத்து முன்னால் வர முடியாது. அங்கே இருந்த அம்மையாருக்கு என்னிடம் விற்க எதுவும் இல்லை.

இது தற்செயலாக அமைந்ததும் இல்லை. ஐ-10 போன்ற இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைகளில் இந்த மையங்கள் இருக்கும் ஓய்விடங்களில் பெட்ரோல் பங்கோ உணவகமோ நடத்தக் கூடாது என்று அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. 1956இல் இந்தச் சாலைத் திட்டம் தொடங்கியபோதே, புதிய சாலை பழைய ஊர்களின் கடைகளைக் கொன்றுவிடும் என்ற அச்சம் இருந்தது. சாலைக்குள்ளேயே எல்லாம் கிடைத்துவிட்டால் யார் ஊருக்குள் இறங்குவார்கள்? அதனால் தடை. பிற்பாடு தானியங்கி விற்பனை இயந்திரங்களை மட்டும் அனுமதித்தார்கள். அதிலும் 1936ஆம் ஆண்டின் ராண்டால்ஃப்-ஷெப்பர்ட் சட்டத்தின் வழியில், அவற்றை நடத்தும் முன்னுரிமை பார்வையற்றவர்களுக்கு. அடுத்த முறை அங்கே ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய கட்டணச் சாலைகள் சிலவற்றுக்கு விலக்கு உண்டு. நியூ ஜெர்சி டர்ன்பைக்கில் போனவர்களுக்குத் தெரியும், அங்கே காபியும் பர்கரும் கிடைக்கும், ஆனால் வீட்டுக்கு இன்றைக்கே போக வேண்டுமா என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

இந்த மேசைக்கு வயதும் ஆகிறது. நாட்டின் முதல் மையத்தை மிச்சிகன் மாநிலம் 1935இல் நியூ பஃபலோ என்ற இடத்தில் திறந்தது. அடுத்த ஆண்டே, மெக்சிகோவிடமிருந்து விடுதலை பெற்ற நூற்றாண்டு விழாவுக்கு வருகிறவர்களுக்காக டெக்சஸ் தன் எல்லைகளில் தொடங்கியது. ஃபுளோரிடா 1949இல் தொடங்கியது. அந்த மாநில மையங்களில் நுழைந்தவுடன் கையில் ஒரு குவளை ஆரஞ்சுச் சாறு கொடுத்து வரவேற்பது பேர்போன வழக்கம். வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுக்கும் வீட்டில் வளர்ந்த நமக்கு அதன் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

டெக்சஸில் எனக்கு மிகவும் பிடித்த மையம் லாங்ட்ரி. மெக்சிகோ எல்லையை ஒட்டிய வறண்ட காட்டில், ஆள் நடமாட்டமே இல்லாத அமெரிக்க நெடுஞ்சாலை 90இல் இருக்கிறது. ராய் பீன் என்ற பழைய நீதிபதி சாராயக்கடையிலேயே நீதிமன்றம் நடத்திய இடம். அந்தக் கடையை அப்படியே காப்பாற்றி, கள்ளிச்செடித் தோட்டம் வைத்து, பயண ஆலோசகர்களையும் அமர்த்தியிருக்கிறது மாநிலம். எந்தத் தனியார் முதலாளியும் அங்கே கடை வைக்கமாட்டார், வைத்தால் கட்டுப்படியாகாது. ஆனால் அந்தச் சாலையில்தான் செமினோல் கேன்யன் என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய பாறை ஓவியங்கள் குகைச் சுவர்களில் இருக்கின்றன. நெடுஞ்சாலையில் போகிறவர் கண்ணுக்கு முள்செடி மட்டுமே தெரியும். வடக்கே அமரில்லோவிலும் அதே கதைதான். ஐ-40இல் தட்டையான சமவெளி, கலைப்படைப்பாக மண்ணில் நட்டு வைத்த பத்து கேடிலாக் கார்களைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அரை மணி நேரத் தொலைவில் பாலோ டூரோ என்ற மாபெரும் பள்ளத்தாக்கு தரைக்குக் கீழே ஒளிந்துகொண்டிருப்பதை யாராவது சொன்னால்தான் தெரியும்.

பணத் தட்டுப்பாடு வந்தால் முதல் வெட்டு இங்கேதான் விழுகிறது. 2009இல் வர்ஜீனியா 19 ஓய்விடங்களை மூடியது. மக்கள் கோபப்பட்டார்கள், அது தேர்தல் பேச்சாகவே ஆனது, அடுத்த ஆண்டு புதிய ஆளுநர் அவற்றைத் திறந்தார். கொலராடோவின் கதை இன்னும் பெரியது. 1993இல் சுற்றுலாவுக்கான வரியைத் தொடர வாக்காளர்கள் மறுத்துவிட்டார்கள். சுற்றுலா விளம்பரத்துக்கு ஆண்டுக்கு 12 மில்லியன் டாலர் செலவழித்த மாநிலம் சுழியத்துக்கு வந்தது. இரண்டே ஆண்டுகளில் உள்நாட்டுச் சுற்றுலாச் சந்தையில் அதன் பங்கு 30 சதவீதம் சரிந்தது. அது விளம்பரம் முழுவதும் நின்றதால் வந்த சரிவு, வரவேற்பு மையங்களின் கணக்கு மட்டும் அல்ல என்பதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் மலைகள் அங்கேயேதான் இருந்தன. சொல்ல ஆள் இல்லாவிட்டால் ராக்கி மலைக்கே அந்த நிலைமை.

எல்லா மையமும் ஆரஞ்சு ஊர் மையம் போல இருக்கிறது என்று சொல்லமாட்டேன். வேறொரு மாநிலத்தில், பெயர் வேண்டாம், மாலை ஐந்தே காலுக்குப் போய் நின்றேன். கதவு பூட்டியிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் விளக்கு எரிந்தது, சிற்றேடுகள் அடுக்கியிருந்தன, ஆள் இல்லை. வெள்ளிக்கிழமை மாலை அது. ஒரு மாநிலத்துக்குள் அதிகமான குடும்பங்கள் நுழையும் நேரத்தில் மேசையைப் பூட்டிவிட்டு, பிறகு வருகிறவர் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று அறிக்கை எழுதினால் அது நியாயமா? வெள்ளி, ஞாயிறு, நீண்ட விடுமுறை நாள்களிலாவது இரவு எட்டு மணி வரை திறந்து வையுங்கள். செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் குறைத்துக்கொள்ளுங்கள், யாரும் கேட்கமாட்டார்கள். தொடுதிரையை வைத்துவிட்டு ஆளை எடுத்துவிடும் யோசனையை மட்டும் கைவிடுங்கள். தொடுதிரை என் கையில் இருக்கிற கைப்பேசியின் பெரிய தம்பி, அவ்வளவுதான்.

புயல் காலத்தையும் சொல்ல வேண்டும். டெக்சஸில் சாலை நிலவரம் கேட்க ஒரு பொது எண் இருக்கிறது. அதில் அழைத்தால் பேசுகிறவர்கள் இந்த மையங்களின் ஆலோசகர்கள்தான். எந்தச் சாலையில் தண்ணீர் நிற்கிறது, எந்த வழியில் வெளியேறலாம் என்று அவர்கள் சொல்வார்கள். அமைதியான நாளில் பறவைக் காட்டுக்கு வழி சொல்லிப் பழகிய குரல்தான் அந்த நாளில் நிதானமாகப் பேசும்.

அன்று படகில் அப்பா என்னிடம் கேட்டார்: “வேளாங்கண்ணிக்குப் போகிற வண்டியெல்லாம் சிதம்பரம் வழியாகத்தானே போகிறது? பிச்சாவரம் பதினைந்து கிலோமீட்டர். அதை நிறுத்திச் சொல்ல நம் சாலையில் யார் இருக்கிறார்கள்?” படகுக் குழாம் இருக்கிறது, நல்ல படகுகள் இருக்கின்றன. நெடுஞ்சாலையிலிருந்து அங்கே திருப்பிவிட ஒரு மேசை போட்டால் ஊருக்கு எவ்வளவு வருமானம்! எனக்கு அப்பாவின் கேள்விக்குப் பதில் தெரியவில்லை.

அந்த வரைபடத்தை அப்பா ஊருக்கு எடுத்துப் போய்விட்டார். பீரோவில் நிலப் பத்திரங்களோடு வைத்திருப்பதாக அம்மா சொன்னார். போன வாரம் அப்பாவின் நண்பர் ஒருவருடைய மகன் வேலைக்காக ஹூஸ்டன் வருவதாகப் பேச்சு வந்தது. அப்பா அவனை வீட்டுக்கு வரச் சொல்லி, வரைபடத்தை மேசையில் விரித்து, அவன் பக்கம் பார்த்தவாறு திருப்பி வைத்து, தன் விரலைத் தலைகீழாக ஓட்டிக் காட்டியிருக்கிறார். பிறகு என்னை அழைத்தார். “தம்பி, அந்தப் பையனிடம் நீயும் ஒரு முறை சொல்லிவிடு. வின்னி வந்ததும் இடப்பக்கம். நேராகப் போய்விடப் போகிறான்.”