நனைந்த போனை அரிசியில் புதைக்காதீர்கள்

"மழையில் நனைந்த போனை அரிசி டப்பாவில் புதைத்து வைத்தால் ஈரம் முழுவதையும் உறிஞ்சிவிடும்" என்ற வாட்ஸ்அப் தகவல் மீண்டும் சுற்றுகிறது. இது தவறு, போனுக்குக் கெடுதலும்கூட. அரிசியில் இருக்கும் மாவும் துகளும் சார்ஜ் துளைக்குள் போய் ஈரத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஐபோனை அரிசிப் பையில் வைக்க வேண்டாம் என்று ஆப்பிள் நிறுவனமே தன் இணைய உதவிப் பக்கத்தில் சொல்கிறது, யாரும் பார்த்துக்கொள்ளலாம்.

அங்கே இருக்கும் வழி எளிது. சார்ஜ் துளை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து, உள்ளங்கையில் மெல்லத் தட்டுங்கள். காற்றோட்டமான, உலர்ந்த இடத்தில் வையுங்கள். குறைந்தது 30 நிமிடம் சார்ஜ் போடாதீர்கள். முழுதும் உலர 24 மணி நேரம்கூட ஆகலாம். ஹேர் டிரையர், பஞ்சுக் குச்சி இரண்டுமே வேண்டாம்.

அந்தத் தகவல் வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.