அப்பா மகான் இல்லை, விட்டுவிடுங்கள்

ஞாயிற்றுக்கிழமை நினைவுக் கூட்டத்தில் என் கையிலிருந்து மைக் பிடுங்கப்பட்ட கதை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு வீடியோ வந்திருக்கும். "பையன் துக்கத்துல என்னென்னவோ பேசறான், மன்னிச்சுக்கோங்க" என்று என் சார்பில் மன்னிப்பும் கேட்டாகிவிட்டது. பெரிய மனசு. பையனுக்கு வயது 44.

அப்படி என்ன சொல்லிவிட்டேன்? அப்பா கோபக்காரர் என்றேன். இரவல் போன ஏணி படி உடைந்து திரும்பி வந்ததற்காகச் சொந்தத் தம்பியோடு ஆறு வருடம் பேசாமல் இருந்தார் என்றேன். அதற்குள் மைக் போய்விட்டது. அந்த ஆறு வருடமும் அவர் சாயங்கால நடைக்குச் சித்தப்பா தெரு வழியாகத்தான் போனார். ஒருநாள் வாசல் விளக்கு எரியாவிட்டாலும் வீட்டுக்கு வந்து, "என்னன்னு பாத்துட்டு வா, நான் சொன்னேன்னு சொல்லாதே" என்று என்னை விரட்டுவார். இதைச் சொல்லத்தான் ஏணியையே எடுத்தேன்.

எனக்கு முன்னால் ஐந்து பேர் பேசினார்கள். சாந்த சொரூபியாம். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவராம். பெயரை மட்டும் மாற்றினால் யார் கூட்டத்திலும் வாசிக்கலாம். அப்படி ஒருவர் எங்கள் வீட்டில் இருந்ததே இல்லை. ஒரு வருடமாக நான் தேடிக்கொண்டிருப்பது அந்தக் கோபக்காரரை. அவரையும் பிடுங்கிக்கொண்டால் எனக்கு என்ன மிச்சம்?

"இறந்தவரை இழித்துப் பேசாதே என்று பழைய கிரேக்க ஞானி, ஸ்பார்ட்டாவின் கைலோன் அந்தக் காலத்திலேயே சொல்லியிருக்கிறார்" என்று ஒருவர் உள்பெட்டியில் பாடம் எடுத்தார். சரி ஐயா. இழித்துப் பேசாதே என்றுதானே சொன்னார்? ஆளையே மாற்றிவிடு என்று சொல்லவில்லையே.

இன்னொருவர் நான் துக்கத்தின் 'கோபம்' என்ற கட்டத்தில் மாட்டிக்கொண்டிருப்பதாகக் கண்டுபிடித்திருக்கிறார். மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்ற அந்த ஐந்து கட்டங்களை மனநல மருத்துவர் எலிசபெத் கியூப்ளர்-ராஸ் 1969இல் எழுதியது, மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசிப் பார்த்து. அதைத் தூக்கி இருப்பவர்கள் தலையில் கட்டியதெல்லாம் அப்புறம். எனக்குக் கோபம்தான், மறுக்கவில்லை. கட்டமெல்லாம் ஒன்றுமில்லை, மைக்கைப் பிடுங்கினால் யாருக்கும் வரும்.

"அவரால் திருப்பிப் பதில் சொல்ல முடியாதே" என்று கேட்டவர்களுக்கு மட்டும் கொஞ்சம் மதிப்புக் கொடுக்கிறேன். நியாயமான கேள்வி, இரண்டு நாளாக உறுத்துகிறது. ஆனால் உங்கள் புகழ்ச்சிக்கும் அவரால் பதில் சொல்ல முடியாது. 'சாந்த சொரூபி' என்று நேரில் சொல்லியிருந்தால் அங்கேயே கத்தியிருப்பார்.

அவருடைய சதுரங்க நண்பர் அன்றைக்குப் பேசவே இல்லை, யாரும் கூப்பிடவில்லை. முப்பது வருடப் பழக்கம். அப்பா வைத்த காயைத் திருப்பி எடுப்பார், கேட்டால் "கை வழுக்கிடுச்சு" என்பார். கடைசியாக மருத்துவமனைக் கட்டிலில் ஒரு ஆட்டம். நண்பர் வேண்டுமென்றே ராணியைக் கொடுத்தார். அப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, பலகையை மடித்து, "பாவம் பாத்து ஆடறதுன்னா இனிமே வராதே" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாளும் நண்பர் வந்தார். நீங்கள் எத்தனை பேர் வந்தீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. எண்ணி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

எல்லாக் குறைக்கும் பின்னால் ஒரு நல்ல கதை இருக்கிறது என்றும் நான் சொல்லவில்லை. வீட்டில் எந்த முடிவுக்கும் அவர் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதற்கு மறுபக்கம் கிடையாது. தப்பு. அம்மாவே அப்படித்தான் சொல்வாள், சொல்லிவிட்டு அழுவாள்.

அப்புறம் இன்னொன்று. அப்பாவின் முகநூல் கணக்கை நான் இன்னும் நினைவுக் கணக்காக மாற்றவில்லை. மாற்றினால் பிறந்தநாள் நினைவூட்டல் நின்றுவிடும், உள்ளே போகவும் முடியாது, மனசு வரவில்லை. அவர் போய் ஐந்தாவது மாதம் பிறந்தநாள் வந்தது. "பல்லாண்டு வாழ்க அண்ணா" என்று பூங்கொத்துப் படத்தோடு ஒரு வாழ்த்து. போட்டவர் யார் தெரியுமா? மைக்கைப் பிடுங்கிய அதே பெரிய மனசுக்காரர். அவ்வளவு நெருக்கம். அழிக்காமல் வைத்திருக்கிறேன், அப்பா பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

புண்பட வேண்டியவர் என்றால் சித்தப்பா ஒருவர்தான். முன்வரிசையில் இருந்தார். ஏணி என்றதும் சிரித்த ஒரே ஆளும் அவர்தான். நேற்று ராத்திரி போன் செய்தார். திட்டப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேதான் எடுத்தேன்.

"ஒரு படி இல்லடா," என்றார். "ரெண்டு படி உடைஞ்சுது. ஒண்ணை நான் ஒட்டிக் கொடுத்துட்டேன். உங்கப்பனுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது."