குதிரை வாயை மென்றால் நம்பிவிட்டது என்று பொருளா?
வட்ட வேலிக்குள் ஓடவிட்ட குதிரை உதட்டை நக்கி வாயை மென்றால், நம்மைத் தலைவராக ஏற்றுவிட்டது என்று ஒரு நண்பர் சொல்கிறார். அமெரிக்கக் குதிரைப் பயிற்சியாளர் மான்ட்டி ராபர்ட்ஸின் 'ஜாயின்-அப்' முறையோடு (குதிரையை வட்டத்துக்குள் ஓடவிட்டு, பிறகு அதுவே பயிற்சியாளரிடம் வரும்படி செய்வது) பரவிய கருத்து இது. நண்பரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அசைவு பணிவு, நம்பிக்கை என்பதற்கு உறுதியான சான்று இல்லை. பதற்றத்தில் வாய் உலரும். அது தணிந்து எச்சில் ஊறும்போது மெல்லும் என்பதே பொருத்தமான விளக்கம். அதாவது, சற்று முன்புவரை பயந்திருக்கிறது.

நீங்களே பார்க்கலாம். மேய்ச்சலில் இருக்கும் குதிரைகளைத் தள்ளி நின்று கவனியுங்கள். ஏதோ சத்தத்துக்கு மிரண்டு நிமிர்ந்தது, பிறகு தலை தாழ்ந்து ஆசுவாசமாகும்போது மெல்லுவதுண்டு. அங்கே எந்தப் பயிற்சியாளரும் இல்லை. பயிற்சி வீடியோ என்றால், மெல்லுவதற்கு முந்தைய அரை நிமிடத்தை ஒலியில்லாமல் ஓட்டி, பதற்றம் தெரிகிறதா என்று கழுத்தையும் வாலையும் மட்டும் பாருங்கள்.